நரம்புச் சிலந்தியின் கடைசிப் புகலிடம்

பழைய தமிழ் அகராதிகளைப் புரட்டினால் ‘நரம்புச் சிலந்தி’ என்றொரு சொல் கண்ணில் படும். இன்றைய இளைஞர்களிடம் கேட்டால் எட்டுக்கால் பூச்சியில் ஏதோ ஒரு வகை என்பார்கள். சிலந்தி என்றால் தமிழில் புண், கட்டி என்றும் பொருள் உண்டு. காலில் ஒரு கொப்புளம் கிளம்பும். அது உடைந்ததும் உள்ளிருந்து நரம்பைப் போல வெள்ளையாக, மெல்லியதாக ஒன்று நீண்டு வரும். தெலுங்கில் இதை ‘நாரி குருப்பு’ என்றார்கள், கன்னடத்தில் ‘நாரு ஹுண்ணு’, ராஜஸ்தானில் ‘நாரு’. நரம்பு என்றும் நார் என்றும் ஊருக்கு ஊர் பெயர் சொல்லிப் பார்த்தது உயிருள்ள ஒரு பெண் புழுவை. பாடப் புத்தகங்கள் அதைக் கினிப் புழு என்கின்றன.

இந்தியாவில் இந்நோயை ஒழிக்கும் தேசியத் திட்டம் 1980களின் தொடக்கத்தில் உருவானபோது, நோய் பரவியிருந்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 1984-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 40,000 பேர் இதனால் வதைபட்டார்கள். 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் கடைசி நோயாளி பதிவானார். 2000-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோய் அற்ற நாடாக அறிவித்தது. ஒரு தலைமுறைக்குள் அந்தச் சொல்லே நமக்குத் தேவைப்படாமல் போய்விட்டது.

உலகத்திலிருந்தே இந்தப் புழுவை ஒழித்துவிடலாம் என்ற நிலை 2010-ஐ ஒட்டி வந்தது. அப்போதுதான் ஆப்பிரிக்காவின் ஓர் ஆற்றங்கரையில் யாரும் எதிர்பாராத ஒரு விலங்கின் காலிலிருந்து அது எட்டிப் பார்த்தது. கண்டுபிடிப்பு புதிது என்றாலும் அதற்கான தடயங்கள் நூறாண்டுகளாக அறிவியலின் கையிலேயே இருந்தன.

ஓராண்டுக் காத்திருப்பு

எல்லாம் ஒரு வாய்த் தண்ணீரில் தொடங்குகிறது. குளம், குட்டை, படிக்கிணறு போன்ற தேங்கிய நன்னீரில் சைக்ளாப்ஸ் என்னும் சிற்றுயிர் வாழ்கிறது. இறால், நண்டு வகையைச் சேர்ந்தது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவே இருக்கும். தண்ணீரை வெயிலில் தூக்கிப் பிடித்தால் துள்ளி ஓடும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புழுவின் லார்வா தண்ணீரில் நெளிவதைக் கண்டு இரையென்று இது விழுங்குகிறது. விழுங்கப்பட்ட லார்வா அதன் உடலுக்குள் இரண்டு வாரத்தில் இருமுறை தோலுரித்துத் தொற்றும் பருவத்தை அடைகிறது.

அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பவரின் வயிற்றுக்குள் சைக்ளாப்ஸ் செரித்துவிடுகிறது, லார்வா பிழைத்துக்கொள்கிறது. குடல் சுவரைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது. சில மாதங்களில் ஆணும் பெண்ணும் இணைசேர்கின்றன. சில சென்டிமீட்டரே வளரும் ஆண் புழு அத்துடன் இறந்துவிடும். பெண் புழு தசைகளுக்கு நடுவிலும் தோலுக்கு அடியிலும் மெல்ல நகர்ந்தபடி ஒரு மீட்டர் நீளம் வரை வளரும். அதன் உடல் ஒரு சேமியா இழையின் பருமன்தான். வயிறு முழுக்க லார்வாக்களைச் சுமந்துகொண்டு அது உள்ளே ஊர்வதை ஓராண்டு காலமும் அந்த மனிதர் அறியமாட்டார்.

பிறகு ஒருநாள், பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, கொப்புளம் கிளம்புகிறது. நெருப்பை வைத்துத் தேய்த்தது போன்ற எரிச்சல். அதைத் தணிக்க அவர் காலைத் தண்ணீரில் வைக்கிறார். தண்ணீர் பட்டதும் கொப்புளம் உடைந்து, புழு பால் போன்ற நீர்மத்தில் லட்சக்கணக்கான லார்வாக்களைக் கொட்டுகிறது. வலியே இதன் வாகனம். வேதனை தாங்காமல் குளத்தில் இறங்குபவர் ஊர் குடிக்கும் நீரில் அடுத்த ஆண்டின் நோயை விதைத்துவிட்டு வருகிறார்.

வெளியே தலைகாட்டிய புழுவை இழுத்துப் போட முடியாது. ஒரு குச்சியில் சுற்றி, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் வீதம், வாரக்கணக்கில் பொறுமையாக வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துபோகும். உள்ளே தங்கிய துண்டு வீங்கிச் சீழ்பிடிக்கும். மூட்டுக்கு அருகே நேர்ந்தால் கால் மடங்காமலே போகலாம். புழுவைக் கொல்லும் மருந்து இன்றுவரை கிடையாது. தடுப்பூசியும் கிடையாது. ஒருமுறை வந்தவருக்கு அடுத்த ஆண்டும் வரலாம். உடல் எதிர்ப்பாற்றல் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

புழு பல இடங்களில் விதைப்புக் காலத்திலோ அறுவடைக் காலத்திலோ வெளிவரும். மாலி நாட்டின் டோகோன் மக்கள் இதற்கு வைத்த பெயருக்கு ‘வெறும் களஞ்சியத்தின் நோய்’ என்று பொருள். நைஜீரியாவின் தென்கிழக்கில் 1987-இல் செய்த ஓர் ஆய்வு, நெல் விவசாயிகள் இந்நோயால் ஆண்டுக்கு 2 கோடி டாலர் வருவாயை இழந்ததாகக் கணக்கிட்டது. இந்தப் புழு உயிரை எடுப்பது அரிது. ஆனால் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோற்றை அது எடுத்துவிடும்.

குரங்கு சொன்ன சாட்சி

இந்த நோய்க்கு வயது அதிகம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1975-இல் ஓர் எகிப்திய மம்மியின் துணிச்சுற்றைப் பிரித்து ஆராய்ந்தார்கள். அது பதின்வயதுப் பெண்ணின் உடல். அதற்குள் சுண்ணம் படிந்து இறுகிப்போன ஒரு கினிப் புழு இருந்தது. இவ்வளவு பழைய புழு எப்படிப் பரவுகிறது என்பது மட்டும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை புரியாமலே இருந்தது.

முதல் திறவுகோலை 1870-இல் ரஷ்ய இயற்கையியலாளர் அலெக்ஸி ஃபெட்சென்கோ கண்டெடுத்தார். மத்திய ஆசியாவில், லார்வாக்கள் சைக்ளாப்ஸுக்குள் நுழைந்து வளர்வதை நுண்ணோக்கியில் பார்த்தார். அங்கிருந்து மனித உடலுக்குள் போகும் வழியை, இன்று கானா எனப்படும் தங்கக் கடற்கரையில் 1905-இல் பணியாற்றிய ராபர்ட் லெய்ப்பர் தெளிவாக்கினார். வயிற்றில் சுரப்பது போன்ற அமிலக் கரைசலில் சைக்ளாப்ஸை இட்டபோது அது இறந்தது. உள்ளிருந்த லார்வாக்களோ விழித்துக்கொண்டு துடித்தன. அடுத்து, தொற்றுள்ள சைக்ளாப்ஸை வாழைப்பழத்தில் வைத்து ஒரு குரங்குக்குக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து அதன் உடலில் கினிப் புழுக்கள் இருந்தன.

இந்தியாவிலும் ஆராய்ச்சி நடந்தது. பம்பாய் ஆய்வகத்தில் துர்குத் என்ற மருத்துவர், தாமாக முன்வந்த மனிதர்களிடமே இந்தத் தொற்று வழியை நிரூபித்தார். 1930களில் மைசூர் சமஸ்தானத்தின் சித்ரதுர்கா பகுதியில் வி. என். மூர்த்தி இந்நோயை ஊர் ஊராக ஆராய்ந்தார். ஸ்வீட் என்பவருடன் சேர்ந்து நாய்களுக்குச் சோதனை முறையில் இந்தத் தொற்றை உண்டாக்கியும் காட்டினார்.

ஆக, புழு மனிதரிடம் வருவதை உறுதிசெய்த அதே ஆய்வுகள், குரங்கிலும் நாயிலும் அது வளரும் என்பதையும் உறுதிசெய்துவிட்டன. மத்திய ஆசியாவின் புகாரா நகரத்தில் குளங்களை வற்றவைத்தும் சீரமைத்தும் 1930களின் தொடக்கத்திலேயே நோயை ஒழித்தார்கள். அந்த வட்டாரத்து நாய்களிலும் புழு காணப்பட்டது. ஆனால் மனிதரிடம் நோய் நின்ற ஊர்களில் அது நாய்களிடமிருந்து மறுபடி மனிதருக்குத் திரும்பவில்லை. எனவே மனிதரே புழுவின் இருப்பிடம், நாய்க்கு வருவது தற்செயல் என்று முடிவுகட்டப்பட்டது. அன்றைய அனுபவத்துக்கு அது பொருந்திய முடிவுதான். அதன் மேல்தான் உலகத் திட்டம் முழுவதும் கட்டி எழுப்பப்பட்டது.

ஒரு முழத் துணியின் வலிமை

1980களில் உலகம் எல்லோருக்கும் பாதுகாப்பான குடிநீர் தருவதற்கென ஒரு பத்தாண்டை ஒதுக்கியபோது, குடிநீரால் மட்டுமே பரவுவதாகக் கருதப்பட்ட இந்த நோயை அடியோடு ஒழிக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் டொனால்ட் ஹாப்கின்ஸ் இதற்காக விடாமல் வாதாடினார். முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் கார்ட்டர் மையம் 1986-இல் தலைமைப் பொறுப்பை ஏற்றது. அன்றைய மதிப்பீட்டின்படி ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக 21 நாடுகளில் ஆண்டுக்கு 35 லட்சம் பேருக்கு நோய் வந்துகொண்டிருந்தது.

மருந்து இல்லாத நோயோடு போராட இருந்த கருவிகள் மிக எளியவை. முதலாவது துணி. சைக்ளாப்ஸ் கண்ணுக்குத் தெரியும் அளவுள்ளது என்பதால் நெருக்கமாக நெய்த நைலான் துணியால் தண்ணீரை வடிகட்டினாலே போதும். ஆடு மாடு மேய்ப்பவர்களும் நாடோடிகளும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள, முனையில் வலை பொருத்திய உறிஞ்சு குழாய்கள் லட்சக்கணக்கில் வழங்கப்பட்டன. இரண்டாவது டெமிஃபாஸ் என்ற மருந்து. நம் ஊரில் டெங்கு பரவும் காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கொசுப் புழுவைக் கொல்ல ஊற்றுகிறார்களே, அந்த ‘அபேட்’ மருந்தேதான். சைக்ளாப்ஸைக் கொல்லும் குறைந்த அளவில் அது குடிப்பவருக்குக் கேடு செய்யாது. மூன்றாவது, புழு வெளிவரும் நோயாளி நீர்நிலையில் இறங்காமல் பார்த்துக்கொள்வது. நான்காவது, ஆழ்துளைக் கிணறு. இந்தியாவில் படிக்கிணறுகளை மூடிக் கைப்பம்பு போட்டதும், மக்கள் இறங்கி மொள்ளும் வழக்கத்தை மாற்றியதும் பெரும் பலன் தந்தன.

இவற்றையெல்லாம் ஊர்தோறும் கொண்டுசேர்த்தவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள். சூடானில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1995-இல் கார்ட்டர் பேச்சுவார்த்தை நடத்தி, இரு தரப்பையும் சில மாதங்களுக்குச் சண்டையை நிறுத்தச் செய்தார். சுகாதாரப் பணியாளர்கள் ஊர்களுக்குள் போய்வர அது வழிவிட்டது. ‘கினிப் புழுப் போர்நிறுத்தம்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

பாகிஸ்தான், இந்தியா, நைஜீரியா, கானா என ஒவ்வொரு நாடாக விடுபட்டது. 35 லட்சம் என்ற எண்ணிக்கை 2012-இல் 542 ஆனது, 2015-இல் 22. பெரியம்மைக்கு அடுத்து மனிதகுலம் முற்றாக ஒழித்த நோய் இதுவாகவே இருக்கும் என்ற நம்பிக்கை எங்கும் நிறைந்திருந்தது.

ஷாரி ஆற்றங்கரையில்

மத்திய ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் 2000-க்குப் பிறகு பத்தாண்டுகள் ஒரு நோயாளிகூடப் பதிவாகவில்லை. 2010-இல் திடீரென்று 10 பேருக்குப் புழு வெளிவந்தது. கண்காணிப்பில் விட்ட ஓட்டை என்றே முதலில் நினைத்தார்கள். ஆனால் நோய் வந்த விதம் பழைய பாடத்தோடு ஒட்டவில்லை.

பொதுவாக ஓர் ஊரில் ஒருவருக்குப் புழு வந்தால், அவர் இறங்கிய குளத்தில் குடித்த பலருக்கு அடுத்த ஆண்டு வரும். சாட்டில் அப்படி நடக்கவில்லை. இந்த ஆண்டு இங்கே ஒருவர், அடுத்த ஆண்டு பல மைலுக்கு அப்பால் வேறொருவர். ஓர் ஊர் நோயாளிக்கும் மறு ஊர் நோயாளிக்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. ஊர்கள் மட்டும் பெரும்பாலும் ஷாரி ஆற்றை ஒட்டியே இருந்தன. 2012-இல், அதே ஊர்களின் நாய்களின் கால்களிலிருந்து புழுக்கள் வெளிவருவது தெரியவந்தது. அது வேறு இனப் புழுவாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை மரபணுச் சோதனை தீர்த்துவைத்தது. மனிதரிடமும் நாயிடமும் இருந்தது ஒரே புழு.

தேடத் தொடங்கியதும் எண்ணிக்கை பெருகியது. 2016-இல் சாட்டில் தொற்றுள்ள நாய்கள் ஆயிரத்தைத் தாண்டின. 2019-இல் 1,900-ஐயும் தாண்டின. அந்த ஆண்டு உலகம் முழுவதும் நோய் கண்ட மனிதர்கள் 54 பேர்தான். பூனைகளிலும் புழு தென்பட்டது. எத்தியோப்பியாவின் காம்பெல்லா பகுதியில் பபூன் குரங்குகளிடமும், மாலியிலும் கேமரூனிலும் நாய்களிடமும் தெரிந்தது. லெய்ப்பரின் குரங்கும் மூர்த்தியின் நாய்களும் சொல்லிவைத்த சாட்சியத்தை இப்போது ஆறும் காடும் உறுதிசெய்தன.

ஆனால் நாய்க்கு எப்படி வருகிறது? நாய் தண்ணீரை நாக்கால் நக்கிக் குடிக்கும். ஒரு நக்கலில் சைக்ளாப்ஸ் அகப்படுவது கடினம். இந்தக் கேள்வியைத் துருவிய அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மார்க் எபர்ஹார்டும் சக ஆய்வாளர்களும் மீனைச் சுட்டிக்காட்டினார்கள். ஷாரிக் கரை மக்கள் ஆற்றிலும், நீர் வடியும் காலத்தில் குட்டைகளிலும் கும்பலாக இறங்கி மீன் பிடிப்பார்கள். சின்ன மீன்களையும் அலசிய குடலையும் கரையிலேயே எறிவார்கள். அவை நாய்களுக்கு விருந்து. மீன் சைக்ளாப்ஸைத் தின்றிருந்தால் லார்வா மீன் வழியாக நாய்க்குப் போய்விடும். தவளையும் இதே வேலையைச் செய்யக்கூடும். ஆய்வகத்தில், தொற்று ஏற்றிய மீனையும் தலைப்பிரட்டையையும் தின்ற கீரி போன்ற ஃபெரெட் விலங்குகளுக்குள் புழு வளர்ந்தது. சாட்டில் பிடித்த ஒரு காட்டுத் தவளையின் உடலிலேயே கினிப் புழு லார்வா இருந்தது. மீனைச் சரியாக வேகவைக்காமல் உண்ணும் மனிதருக்கும் இதே வழியில் நோய் வரலாம் என்று கருதுகிறார்கள். அங்கொருவர் இங்கொருவராக நோய் சிதறிக் கிடந்த புதிருக்கு இது விடை தருகிறது.

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய்களுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை கட்டி, அவை எந்தெந்த நீர்நிலைக்குப் போகின்றன என்று பின்தொடர்ந்தார்கள். நாயின் மீசை மயிரையும் எடுத்து ஆராய்ந்தார்கள். மயிர் வளர வளர, அந்தந்தக் காலத்தில் தின்ற உணவின் தடயம் அதில் ஐசோடோப்புகளாகப் பதிந்துகொண்டே போகும். ஒரு மீசை மயிரை அடியிலிருந்து நுனிவரை அளந்தால் அந்த நாய் எப்போது மீன் தின்றது, எவ்வளவு தின்றது என்று கணிக்கலாம். மீன் வழித் தொற்று என்ற கருத்துக்கு இந்த ஆய்வுகள் வலுச் சேர்த்தன.

கட்டிப்போட்ட நாய்

விடை தெரிந்ததும் திட்டம் மாறியது. நாய்க்கு யாரும் வடிகட்டும் துணியைக் கொடுக்க முடியாது. எனவே மீன் குடலை மண்ணில் புதைக்கச் சொன்னார்கள்; அல்லது எரிக்கச் சொன்னார்கள். புழு வெளிவரும் நாயை, அது முழுவதும் வெளியேறும் வரை கட்டிப்போட்டுத் தண்ணீருக்குப் போகாமல் காக்கச் சொன்னார்கள். தகவல் தருபவர்களுக்கும் கட்டிப்போடுபவர்களுக்கும் பணம் கொடுத்தார்கள். பின்னர் நோய் மிகுந்த ஊர்களில், புழு தென்படும் முன்பே நாய்களைக் கட்டிவைக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். குட்டைகளில் அபேட் கலப்பது பலமடங்கு கூடியது.

வேட்டைக்கும் காவலுக்கும் சுதந்திரமாகத் திரிந்த நாயை மாதக்கணக்கில் கட்டிப்போடுவது எளிதல்ல. கட்டிப்போட்ட நாய்க்குச் சோறும் தண்ணீரும் வேளாவேளைக்குக் கொடுக்க வேண்டும். தாமே ஒருவேளை உண்டு ஒருவேளை விடும் குடும்பங்கள் இதைச் செய்தன. நான்கே ஆண்டுகளில், 2023-இல், சாட்டில் தொற்றுள்ள நாய்களும் பூனைகளுமாகச் சேர்த்து 500 அளவுக்கு இறங்கிவிட்டன. மனித நோயாளிகள் 2021 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் 15-ஐத் தாண்டவில்லை.

எண்ணிக்கை இவ்வளவு குறைந்தும் ஒழிப்பு முடியவில்லை. ஒரு நாட்டில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மனிதரிடமும் விலங்கிடமும் நோய் இருக்கக் கூடாது. அதன் பிறகே சான்றிதழ் கிடைக்கும். உலக இலக்காக இப்போது 2030 குறிக்கப்பட்டிருக்கிறது. கடைசிப் புழு தனக்கு முன் சாக வேண்டும் என்று விரும்பிய ஜிம்மி கார்ட்டர், 2024 டிசம்பரில் தமது நூறாவது வயதில் காலமானார். அவர் தொடங்கியபோது 35 லட்சம். அவர் கண்மூடிய ஆண்டில் 15.

எனக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. விலங்கிடம் புழு வளரும் என்ற உண்மை யாருக்கும் மறைக்கப்படவில்லை. ஆய்வேடுகளில் அச்சாகியிருந்தது. ஆனால் மனித நோய் மருத்துவரின் கையில், விலங்கு நோய் கால்நடை மருத்துவரின் கையில், குளத்து உயிர்கள் உயிரியலாளரின் கையில் என்று பிரித்துக்கொண்ட பிறகு, மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கண் குறைந்துவிட்டது. நாடாப்புழு பன்றிக்கும் மனிதருக்கும் இடையே சுற்றுகிறது. கொக்கிப்புழு வகைகளில் சில நாயிடமிருந்தே நமக்கு வருகின்றன. ஒட்டுண்ணிப் புழுக்களைப் பற்றிய ஆராய்ச்சியில் ஓர் ஊரின் மனிதர், விலங்கு, நீர்நிலை மூன்றும் ஒரே பாடம். அதில் ஒரு பக்கத்தைத் திறக்காமல் விட்டதற்கு சாட் நாடு பத்தாண்டு விலை கொடுத்திருக்கிறது.

அந்த விலையைச் சுமப்பவர்கள் ஆய்வகங்களில் இல்லை. ஷாரிக் கரையில் ஒரு பெண் மீனை அலசி, குடலைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, வாசலில் கட்டிக்கிடக்கும் நாய்க்குத் தன் பானையிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள். நம் பாட்டிமார் அறிந்திருந்த நரம்புச் சிலந்தி இன்னும் உயிரோடு இருப்பதும் இல்லாமல் போவதும் இப்போது அந்தப் பானைத் தண்ணீரைப் பொறுத்தது.